குதிகாலை முதல்ல எடு

பெங்களூருக்கு வெளியே ஒரு பெரிய மைதானம். ஞாயிற்றுக்கிழமை காலை. ஒலிபெருக்கியில் பாட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. முன்பின் தெரியாத கூட்டத்தோடு ஒரு சேற்றுக் குழியின் விளிம்பில் நின்றிருந்தேன். குனிந்து பார்த்ததும் மூக்கில் ஏறிய வாசனையில் எனக்கு பெங்களூர் மறந்துபோய்விட்டது. ஜூன் மாசம், சின்னமனூர், அப்பத்தா வயலில் தொழி அடித்து முடித்த சாயங்காலம். அதே வாசனை. தண்ணீரும் மண்ணும் மக்கின குழையும் கலந்து எழுகிற அந்த மணம், எங்கள் பக்கம் பிறந்தவர்களுக்கு ஒருநாளும் மறக்காது.

பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு இருபது வயசு இருக்கலாம். ஒரு கால் வைத்தார், முழங்கால் வரை போனது. இன்னொரு கால் வைத்தார், அதுவும் போனது. முதல் காலை உருவப் பார்த்தார், வரவில்லை. பலம் கொடுத்து மேலே இழுத்தார். கால் வந்தது, ஷூ உள்ளேயே தங்கிவிட்டது.

"நேரா இழுக்காதம்மா. குதிகாலை முதல்ல எடு" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். அவர் தமிழ்ப் பெண்தான். திரும்பிப் பார்த்தார்.

அந்த ஒரு வரி என் அப்பத்தாவுடையது. இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான்.

அல்லிநகரத்திலிருந்து பெங்களூருக்கு

நான் தேனியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். வீடு அல்லிநகரம். தேனி-அல்லிநகரம் நகராட்சி என்று பலகையில் எங்கள் ஊர்ப் பெயர் இரண்டாவதாக வரும், பாரதிராஜா பிறந்த ஊர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று விளங்கும். எனக்கு முப்பத்தேழு வயசு. காலை பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் ராத்திரி எட்டு மணிக்குத்தான் எழுந்திருப்பேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்க ஆரம்பித்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தேன். நடை ஓட்டமானது. ஓட்டம் பிடித்துப்போனது.

எதிர் வீட்டுப் பிள்ளை போலீஸ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பெண்களுக்கு 400 மீட்டரை இரண்டரை நிமிஷத்தில் ஓடி முடிக்க வேண்டும். அவளுக்குத் துணையாகத்தான் முதலில் விடிகாலையில் கிளம்பினேன். மேற்கே வீரப்ப அய்யனார் கோயிலுக்குப் போகிற ரோடு எங்களுக்கு ஓடுபாதை. ஊரைத் தாண்டினால் தோப்புகள், அதற்கப்பால் மலை. போகும்போது ஏற்றம், திரும்பும்போது இறக்கம். சித்திரைத் திருவிழா நாளில் அந்த ரோடு முழுக்க ஜனமாக இருக்கும். மற்ற நாளில் ஐந்து மணிக்கு எங்கள் இரண்டு பேர் காலடிச் சத்தம் மட்டும்தான்.

அவள்தான் ஒரு நாள் போனைக் காட்டினாள். "அக்கா, இத பாருங்க. சேத்துக்குள்ள ஓடுறாங்க. சுவர் ஏறுறாங்க. கயிறு ஏறுறாங்க." டெவில்ஸ் சர்க்யூட் என்று பெயர். 2012 முதல் இந்தியாவின் பெரிய நகரங்களில் நடக்கிறது. ஐந்து கிலோமீட்டர் தூரம், பதினைந்து தடைகள். நேரத்துக்கு எதிராகப் போட்டியாகவும் ஓடலாம், போட்டியில்லாமல் முடித்தால் போதும் என்றும் ஓடலாம். நான் இரண்டாவதில் பெயர் கொடுத்தேன். பணம் கட்டிய ராத்திரி தூக்கமே வரவில்லை.

இந்த ஓட்டம் எங்கிருந்து வந்தது

பெயர் கொடுத்த பிறகு, கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். தெரிந்துகொண்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இங்கிலாந்தில் பில்லி வில்சன் என்கிற முன்னாள் ராணுவ வீரர் 1987-ல் தன் பண்ணையில் 'டஃப் கை' என்ற ஓட்டத்தை ஆரம்பித்தார். சேறும் பனித்தண்ணீரும் நெருப்பும் தாண்டி ஓட வேண்டிய ஓட்டம். உறைகிற குளிரில், ஜனவரியில் நடத்துவார். 2010-ல் அமெரிக்காவில் 'டஃப் மடர்' வந்தது. அதே வருஷம் 'ஸ்பார்ட்டன் ரேஸ்' வந்தது. ஸ்பார்ட்டனில் நேரம் முக்கியம். டஃப் மடரின் வழக்கமான ஓட்டத்தில் நேரக் கணக்கே கிடையாது. அங்கே ஓட்டம் தொடங்குவதற்கு முன்னால் எல்லோரும் ஒரு உறுதிமொழி எடுப்பார்கள். என் நேரத்தைவிடக் கூட வருகிறவருக்கு உதவுவது பெரிது என்பது அதன் சாரம்.

இதற்கெல்லாம் முன்னோடி ஒருவர் இருக்கிறார். ஜார்ஜ் எபேர் என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி. 1902 மே 8 அன்று கரீபியன் தீவான மார்டினிக்கில் பெலே எரிமலை வெடித்தது. செயின்ட் பியேர் நகரமே எரிந்து அழிந்தது. சுமார் 28,000 பேர் செத்துப்போனார்கள். அந்த மீட்பு வேலையில் இருந்தவர் எபேர். உடம்பு வலுவாக இருப்பது எதற்காக என்ற கேள்விக்கு அவருக்கு அங்கேதான் பதில் கிடைத்தது. அடுத்தவருக்குப் பயன்படுகிற அளவுக்கு வலுவாக இரு, இதுதான் அவர் கொள்கை. ஓடுவது, ஏறுவது, தூக்குவது, தவழ்வது, சமநிலையில் நடப்பது, நீந்துவது எல்லாம் சேர்த்து ஒரு பயிற்சி முறையை உருவாக்கினார். பிரெஞ்சு ராணுவத்தின் தடைப் பாதைப் பயிற்சிக்கு வேர் அதில்தான்.

ஒலிம்பிக்கிலும் இதற்கு இடம் உண்டு. 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் செயின் ஆற்றில் 200 மீட்டர் தடை நீச்சல் நடந்தது. கம்பத்தில் ஏறி இறங்கி, படகு வரிசை மேல் ஏறிக் கடந்து, இன்னொரு படகு வரிசைக்கு அடியில் நீந்திப் போக வேண்டும். ஆஸ்திரேலியாவின் ஃபிரெட்ரிக் லேன் ஜெயித்தார். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் நவீன பென்டத்லானில் குதிரையேற்றத்தை எடுத்துவிட்டுத் தடை ஓட்டத்தைச் சேர்க்கிறார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னமனூருக்குப் போனேன். அப்பத்தாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. விஷயத்தைச் சொன்னேன்.

"சேத்துல நடக்குறதுக்கு எதுக்குடி பெங்களூரு? வயக்காடு இருக்குல்ல" என்றார்.

அப்பத்தாவின் பாடம்

கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு விஷயம். பென்னிகுயிக் கட்டிய முல்லைப்பெரியாறு அணை 1895-ல் திறக்கப்பட்டது. அங்கிருந்து வருகிற தண்ணீரில் லோயர் கேம்ப் தொடங்கி பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கரில் இரண்டு போகம் நெல் விளைகிறது. அணையில் தண்ணீர் போதுமான அளவு இருக்கிற வருஷங்களில் ஜூன் முதல் தேதி முதல் போகத்துக்குத் திறந்துவிடுவார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது என்றால் ஊருக்கே முகம் மாறிவிடும். தொழி அடிப்பார்கள், குழை மிதிப்பார்கள், பரம்பு அடித்து மட்டம் பண்ணுவார்கள், பிறகு நடவு.

எனக்குப் பத்து வயசாக இருக்கும்போது அப்பத்தாவோடு நடவுக்குப் போயிருக்கிறேன். பெண்கள் ஒரே வரிசையாக நிற்பார்கள். இடது கையில் நாற்று முடி. வலது கை அதிலிருந்து மூன்று நான்கு நாற்றைப் பிரித்து, கட்டைவிரலால் சேற்றுக்குள் அழுத்தும். ஒரு கால் பின்னால் எடுத்து வைப்பார்கள், இன்னொரு கால் பின்னால். எல்லோரும் குனிந்தபடியே பின்னோக்கி நகர்வார்கள். யாராவது ஒருத்தி பின்தங்கினால் பக்கத்தில் இருப்பவர் அவள் பங்கில் இரண்டு குத்து நட்டுவிடுவார். வரிசை உடையாது. ஒருத்தி மட்டும் வேகமாகப் போனால் அதற்கு மதிப்பும் கிடையாது.

அன்றைக்கு என் கால் மாட்டிக்கொண்டது. அழுதுகொண்டே மேலே இழுத்தேன். அப்பத்தா நிமிராமலேயே சொன்னார்: "நேரா இழுத்தா சேறு விடாதுத்தா. குதிகாலை முதல்ல எடு. பெருவிரல கீழ பாத்து வச்சுக்க. அப்புறம் பின்னாடி உருவு."

அது எப்படி வேலை செய்கிறது என்று இப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். பாதம் சேற்றில் தட்டையாகப் பதிந்திருக்கிறது. நேராக மேலே தூக்கினால் அடியில் காற்றில்லாத வெற்றிடம் உண்டாகப் பார்க்கும், அது காலைத் திரும்பக் கீழே இழுக்கும். எவ்வளவு பலம் கொடுக்கிறோமோ அவ்வளவு பிடிக்கும். குதிகாலை முதலில் தூக்கினால் ஓரத்தில் ஒரு வழி திறந்து காற்றோ தண்ணீரோ உள்ளே போகும். பிடி தளர்ந்துவிடும். பெருவிரல் கீழ்நோக்கி இருந்தால் பாதம் கத்தி மாதிரி வழுக்கிக்கொண்டு வெளியே வரும். இன்னொன்றும் உண்டு. நின்ற இடத்திலேயே நின்றால் சேறு இறுகும். காலை லேசாக ஆட்டிக்கொண்டே இருந்தால் இளகும். நடவுப் பெண்கள் ஒரே இடத்தில் ஊன்றி நிற்காததன் காரணம் இதுதான்.

பெங்களூர் விஷயத்தைச் சொன்ன அந்த ஞாயிறு சாயங்காலம் அப்பத்தா வயல் ஓரத்தில், தண்ணீர் பாய்ந்த ஒரு மூலையில் என்னை இறங்கச் சொல்லி இரண்டு மணி நேரம் நடக்கவிட்டார். வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே, "குனிஞ்சு நட. நிமுந்தா விழுவ" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கயிறு

சேறு அப்பத்தாவிடம். கயிறு யாரிடம்?

தமிழ்நாட்டில் காவலர் தேர்வுக்கு ஆண்களுக்குக் கயிறு ஏறுதல் உண்டு. 1500 மீட்டரை ஏழு நிமிஷத்துக்குள் ஓட வேண்டும், பிறகு கயிறு, பிறகு நீளம் தாண்டுதலோ உயரம் தாண்டுதலோ. ராணுவ ஆள்சேர்ப்பில் ஒன்பது அடிப் பள்ளம் தாண்டணும், வளைந்து வளைந்து போகிற கட்டை மேல் விழாமல் நடக்கணும். எங்கள் ஊரில் இதற்காகத் தினமும் உழைக்கிற பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். புளியமரக் கிளையில் கயிற்றைக் கட்டி அவர்களே பயிற்சி எடுக்கிறார்கள். எதிர் வீட்டுப் பிள்ளையின் அண்ணன் அந்தக் கூட்டத்தில் ஒருத்தர். முதல் நாள் நான் கயிற்றைப் பிடித்துத் தொங்கினேன். இரண்டு கையின் பலத்தை மட்டும் நம்பினேன். மூன்றடி கூட ஏறவில்லை.

"அக்கா, கை புடிக்கத்தேன். ஏறுறது காலு" என்றார்.

கயிறு ஒரு காலின் வெளிப்பக்கமாக வந்து, அந்தப் பாதத்துக்கு அடியில் நுழைந்து, உள்பக்கமாக மேலே வர வேண்டும். அடுத்த பாதத்தை அதன் மேல் வைத்து மிதித்தால் கயிறு இரண்டு பாதத்துக்கும் நடுவில் பூட்டிக்கொள்கிறது. இப்போது அதன் மேல் எழுந்து நிற்கலாம். நின்று, கையை மேலே மாற்றி, முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டுவந்து, திரும்பப் பூட்டி, திரும்ப நிற்க வேண்டும். தென்னை ஏறுகிறவர் காலில் தளை போட்டுக்கொண்டு ஏறுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அதே கணக்கு. கை உடம்பை மரத்தோடு அணைத்து வைக்கும், தூக்குவது கால்.

இதைப் படிக்க எனக்கு இரண்டு மாசம் ஆனது. உள்ளங்கை உரிந்து, காய்ந்து, திரும்ப உரிந்தது. கெண்டைக்காலில் கயிறு அறுத்த கோடு இன்னும் இருக்கிறது. அந்தப் பையன்கள் தங்கள் பயிற்சி நேரத்தில் தினமும் பத்து நிமிஷம் எனக்காக ஒதுக்கினார்கள். ஒரு பைசா கேட்கவில்லை. அவர்களுக்கு அது வாழ்க்கைப் பிரச்சினை, எனக்கு ஆசை. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். அதனால்தான் அந்தப் பத்து நிமிஷத்தின் மதிப்பும் தெரியும்.

கிளம்பும் முன்

பருத்தித் துணி வேண்டாம் என்றார்கள். சேற்றுத் தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும். உடம்போடு ஒட்டுகிற, சீக்கிரம் உலர்கிற துணி. முழங்காலை மூடுகிற நீளம். பழகின பழைய ஷூ, லேஸில் இரட்டை முடிச்சு. நகத்தை ஒட்ட வெட்டினேன். தடுப்பூசி போட்டு நாளாகிவிட்டதால் டிடி ஊசி போட்டுக்கொண்டேன்.

செயின், வளையல், மெட்டி எல்லாம் கழற்ற வேண்டும். எதிலாவது மாட்டினால் ஆபத்து. அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று நான்கு நாள் தயங்கினேன். சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். "நாங்களும் நடவுக்குப் போறப்ப கழட்டி முந்தானையில முடிஞ்சுக்குவோம். சேத்துல விழுந்தா எங்க போய்த் தேடுறது?" அவரே வாங்கி ஒரு சுருக்குப் பையில் போட்டு வைத்துக்கொண்டார்.

வீட்டுக்காரரும் மகளும் கூட வந்தார்கள். ராத்திரி பஸ்.

ஐந்து கிலோமீட்டர்

சேற்றுக் குழியில் அந்தப் பெண்ணின் ஷூவை இரண்டு பேரும் சேர்ந்து தோண்டி எடுத்தோம். கை முழங்கை வரை போனது. அவர் பெயரைக் கேட்கவேண்டும் என்று தோன்றவில்லை. முகம் முழுக்க மண், மார்பில் ஒரு எண். அப்புறம் மூன்று தடை வரை கூடவே வந்தார்.

அடுத்தது கம்பிக்கு அடியில் தவழ்வது. தலையை உயர்த்தினால் கம்பி தட்டும். முழங்காலில் தவழ்ந்தால் முதுகு மேலே போகும். வயிற்றை மண்ணோடு ஒட்டி, முழங்கையால் இழுத்து நகர்ந்தேன். பாதி தூரத்தில் ஒருவர் பக்கவாட்டில் உருண்டு என்னைத் தாண்டிப் போனார். நானும் உருண்டேன். வானம், சேறு, வானம், சேறு. கண்ணில் மண் விழுந்தது. கையால் துடைத்தால் இன்னும் மண்தான் போகும். கண்ணைச் சிமிட்டிக்கொண்டே, டி-ஷர்ட் கழுத்தின் உள்பக்கத்தில் சுத்தமாக இருந்த ஒரு விரல் அகலத் துணியில் ஒற்றி எடுத்தேன்.

பிறகு சுவர். எனக்குக் கை எட்டாத உயரம். ஓடிவந்து தாவினேன், விரல் நுனி விளிம்பைத் தொட்டு வழுக்கியது. இரண்டாவது தடவையும் அதேதான். மூன்றாவது தடவை ஓடத் திரும்பியபோது, என் அம்மா வயசு இருக்கும், ஒரு பெண்மணி சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலை மடக்கிப் பாதி உட்கார்ந்த மாதிரி நின்றார். தொடையைத் தட்டிக் காட்டினார். ஏறு என்று சைகை.

எனக்குத் தயக்கம். மூத்தவர் மேல் காலை வைப்பதா? தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் காலை வைத்தேன். தொடையின் நடுவில் வைத்தேன். உடனே அவர் என் பாதத்தைப் பிடித்து இடுப்பெலும்புக்குப் பக்கமாக நகர்த்தினார். நடுத்தொடையில் முழுப் பாரமும் விழுந்தால் தாங்காது, இடுப்பை ஒட்டி வைத்தால் பாரம் எலும்பு வழியாகத் தரைக்குப் போய்விடும். அடுத்த கால் அவர் தோளில். கை விளிம்பைப் பிடித்தது. மேலே இருந்து யாரோ என் மணிக்கட்டைப் பற்றினார்கள். சுவர் மேல் குதிரைச் சவாரி மாதிரி உட்கார்ந்தேன்.

கீழே பார்த்தேன். அந்த அம்மா அடுத்த ஆளுக்குத் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் எப்போது ஏறுவார்?

அப்போது எனக்குச் சின்னமனூர் நடவு வரிசை கண் முன்னால் வந்தது. பின்தங்குகிறவளின் பங்கில் இரண்டு குத்து நட்டுவிட்டுத் தன் வரிசைக்குத் திரும்புகிற கை. நான் சுவரைவிட்டு இறங்கவில்லை. வயிற்றைச் சுவரில் அழுத்திப் படுத்துக்கொண்டு, ஏறிவந்த ஏழு பேருக்குக் கை கொடுத்தேன். எட்டாவதாக அந்த அம்மா. கீழே ஒரு பையன் அவருக்குத் தோள் கொடுத்தான், மேலே நானும் இன்னொருவரும் ஆளுக்கு ஒரு மணிக்கட்டைப் பிடித்தோம். கையைக் கைக்குள் கொடுத்தால் சேற்றில் வழுக்கும். ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பற்றினால் ஒருவர் விட்டாலும் இன்னொருவர் பிடி நிற்கும். மேலே வந்ததும் அவர் என் கன்னத்தில் தட்டினார். சேற்றின் மேல் சேறு.

கயிற்றை ஏறினேன். ஈரக் கயிறு, எனக்கு முன்னால் ஏறின அத்தனை பேரின் சேறும் அதில் இருந்தது. கையை மட்டும் நம்பியிருந்தால் முடிந்திருக்காது. பூட்டு, நில், கை மாற்று. மேலே கட்டியிருந்த மணியை அடித்தபோது புளியமரத்தடியில் நிற்கிற பையன்களை நினைத்துக்கொண்டேன். அந்த மணிச் சத்தம் அவர்களுடையது.

பனிக்கட்டித் தொட்டிதான் என்னைப் பயமுறுத்தியது. தேனி வெயிலில் வளர்ந்த உடம்பு. திடீர் குளிர் பட்டதும் உடம்பு தன்னையறியாமல் வாயைத் திறந்து மூச்சை இழுக்கும், அந்த நேரத்தில் தலை தண்ணீருக்குள் இருந்தால் ஆபத்து என்று படித்திருந்தேன். அதனால் அவசரப்படவில்லை. இடுப்பு வரை இறங்கி, மூச்சை மெதுவாக வெளியே விட்டேன். அது சீரான பிறகுதான் முன்னேறினேன். விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக எனக்குத் தெரிந்தது. வெளியே வந்ததும் வெயில் பட்ட தோள் சுட்டது. அழுகை வந்தது. வலியால் வந்த அழுகை இல்லை. இந்த உடம்பு, நாற்காலியிலேயே போய்விடும் என்று நான் கைவிட்ட உடம்பு, என்னை இதுவரை தூக்கிக்கொண்டு வந்துவிட்டதே என்று.

முடிவுக் கோட்டில் மகள் நின்றிருந்தாள். என்னை அடையாளம் தெரியாமல் எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாப்பா" என்று கூப்பிட்ட பிறகுதான் ஓடி வந்தாள்.

சேற்றில் இறங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

இதை எழுதாமல் விட்டால் பதிவு முழுமையாகாது.

சேறு சுத்தமானது இல்லை. 2000-ல் மலேசியாவின் சபா மாநிலத்தில் 'ஈகோ-சேலஞ்ச்' சாகசப் போட்டி நடந்தது. ஆற்றிலும் சேற்றிலும் நாள்கணக்கில் இருந்த வீரர்கள் பலருக்கு ஊர் திரும்பிய பிறகு எலிக்காய்ச்சல் வந்தது. எலி மூத்திரத்தில் இருக்கிற கிருமி ஈர மண்ணில் உயிரோடு இருந்து, தோலில் இருக்கிற சின்னக் கீறல் வழியாகக் கூட உள்ளே போகும். கண், வாய் வழியாகவும் போகும். காய்ச்சல் மறுநாளே வராது. பெரும்பாலும் ஒன்று, இரண்டு வாரம் கழித்துத்தான் வரும். அதனால் சேற்றுக்கும் காய்ச்சலுக்கும் தொடர்பு இருப்பதே நமக்குத் தோன்றாது. கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால் டாக்டரிடம் போய், "நான் சேற்றில் இறங்கினேன்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்து இருக்கிறது. காயம் இருந்தால் இறங்காதீர்கள். சேற்றுத் தண்ணீர் வாய்க்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே வந்ததும் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் குளியுங்கள்.

எனக்கு இதில் ஒரு ஆதங்கமும் உண்டு. ஒரு நாள் ஓடுகிற எனக்கு இவ்வளவு எச்சரிக்கை தேவை என்றால், வருஷம் பூராவும் வயலில் நிற்கிற பெண்களுக்கு? எலிக்காய்ச்சலை நெல் விவசாயிகளின் நோய் என்றும் சொல்கிறார்கள். அப்பத்தாவின் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் ஆறின தழும்பு இன்னும் இருக்கிறது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் தவிர அவர் எதையும் கண்டதில்லை. நம் சோற்றுக்காகச் சேற்றில் நிற்கிற காலுக்கு ஒரு பூட்ஸ், ஒரு ஊசி, ஒரு மருத்துவ முகாம் என்பது பெரிய கோரிக்கையா?

நம் பள்ளத்தாக்கில்

இப்படி ஒன்றை நம் பக்கமே நடத்தலாமே என்று திரும்பி வரும் பஸ்ஸிலேயே தோன்றிவிட்டது. நமக்கு இது புதுசா? வழுக்கு மரம் ஏறுவதைவிடப் பெரிய தடை எது? விளக்கெண்ணெய் பூசின மரம், மேலே இருந்து ஊற்றுகிற தண்ணீர், ஒருவர் தோள் மேல் ஒருவர் நின்று ஏறுகிற பிள்ளைகள். தனியாள் யாரும் உச்சியைத் தொட்டதாக நான் பார்த்ததில்லை. மாரியம்மன் திருவிழாவில் சேத்தாண்டி வேடம் போட்டு உடம்பு முழுக்கச் சேறு பூசி வருகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இளவட்டக்கல் தூக்கின ஊர்கள் இவை.

ஆனால் ஆர்வம் மட்டும் போதாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை இந்த மாவட்டம் மறக்காது. மலையேற வந்த இளம் பிள்ளைகள். அதற்குப் பிறகு சாகசம் என்று யார் சொன்னாலும் என் முதல் கேள்வி ஏற்பாட்டைப் பற்றித்தான். சோதித்த தண்ணீர், ஒவ்வொரு தடையிலும் பயிற்சி பெற்ற ஆள், ஆம்புலன்ஸ் வந்து நிற்க வழி, வெயில் ஏறும் முன் முடிகிற நேரம். இதெல்லாம் இருந்தால்தான் நடத்த வேண்டும். விளைகிற வயலை மிதிக்கவும் கூடாது. தண்ணீர் வருவதற்கு முன், சொந்தக்காரர் மனசோடு தருகிற ஒரு துண்டு நிலம் போதும். புளியமரத்தடிப் பையன்களும் பிள்ளைகளும் பயிற்சி கொடுக்கட்டும். அவர்களுக்கு ஒரு நல்ல கயிறும் ஒரு மணல் குழியும் கிடைத்தாலே பெரிய காரியம்.

ஓட்டத்தை முடித்ததற்குக் கிடைத்த மெடலை ஊரில் எல்லோரிடமும் காட்டினேன். கடையிலும் தெருவிலும் சொந்தத்திலும் ஒரே கேள்விதான்: "எத்தனாவதா வந்தீங்க?" போட்டிப் பிரிவில் ஓடவில்லை என்று ஒவ்வொருவருக்கும் விளக்கினேன்.

அடுத்த ஞாயிறு சின்னமனூர் போனேன். அப்பத்தா மெடலை வாங்கிக் கையில் எடை பார்த்தார். என் முழங்கைச் சிராய்ப்பைத் தடவினார். அப்புறம் கேட்டார்: "யாருடி உன்னத் தூக்கிவிட்டா?"

சுவரடியில் நின்ற அம்மாவைப் பற்றிச் சொன்னேன். தொடையில் கால் வைத்ததை, இடுப்புப் பக்கம் நகர்த்தினதை, பிறகு நாங்கள் அவரைத் தூக்கினதை. அப்பத்தா கேட்டு முடித்துவிட்டு, "பேரு கேட்டியா?" என்றார். கேட்கவில்லை. "கேட்டுருக்கணும்த்தா. கூட நட்டவ பேரு தெரிய வேணாமா" என்றார்.

அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கிறது. அடுத்த தடவை இறங்கும்போது முதலில் பெயரைக் கேட்பேன்.

இந்த ஜூனில் தண்ணீர் திறந்ததும் மகளைச் சின்னமனூருக்குக் கூட்டிப்போனேன். பதினோரு வயசு. இதுவரை வரப்பைத் தாண்டிக் கால் வைத்ததில்லை. நடவு வரிசையில் ஓரத்தில் நின்ற ஒரு அக்கா அவளுக்கு ஒரு முடி நாற்றைக் கொடுத்தார். இரண்டு குத்து நட்டாள். மூன்றாவதுக்குக் கால் மாட்டிக்கொண்டது. மேலே இழுத்தாள், வரவில்லை. என்னைப் பார்த்தாள்.

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் வரப்பில் உட்கார்ந்திருந்த அப்பத்தாவின் குரல் வந்தது.